செத்த பொம்மையை யார் தூக்குவது?

பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி, என்றோ நடந்து முடிந்த போரை மறுபடி நடத்திப் பார்க்கிற விளையாட்டு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகள் ஆடுவதில்லை, நரைத்த தலைகள் ஆடுவது. ஒரு சிப்பாய் 28 மில்லிமீட்டர் உயரம், சுண்டுவிரலில் பாதி. கோட்டின் சிவப்பு எந்தச் சிவப்பு, கழுத்துப்பட்டி மஞ்சளா பச்சையா, பொத்தான் எத்தனை வரிசை என்று பழைய சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து வர்ணம் தீட்டுவார்கள். அட்டையில் குன்று, பஞ்சில் புகை, நீலத் துணியில் ஆறு. படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அடிக்கோல் சொல்லும். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மேற்கே இதற்குப் பெரிய கூட்டமே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்கள் என்றால் அவர்களுக்கு உசிர்.

1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய லெப்டினன்ட் இதை ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாக ஒழுங்குபடுத்தினான். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையில் ஆடுகிற மாதிரி விதிகள் எழுதிப் புத்தகமாகவே போட்டார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போர் எவ்வளவு மடத்தனம் என்று புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே உலக யுத்தம் வந்தது. புரிந்தவர்கள் எத்தனை பேரோ.

அழகர்கோவில் அடிவாரத்தில் இருந்துகொண்டு இவனுக்கு என்ன இந்த ஆராய்ச்சி என்று தோழர்கள் கேட்கலாம். எங்கள் சேரிப் படிப்பகத்தில் இரண்டு மாதமாக இதுதான் வழக்கு. பெங்களூரில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் லீவுக்கு வந்தபோது பெட்டி நிறையப் பொம்மைகளோடு வந்து இறங்கினான். பீமா கோரேகான் சண்டையை ஜனவரி முதல் தேதி படிப்பக மேசையில் நடத்திக் காட்டப் போகிறேன் என்றான். "நம்மாளுக பேஷ்வாவை விரட்டுன சண்டைண்ணே, பிள்ளைக பாக்கட்டும்." பாதிப் பேருக்கு உற்சாகம். மீதிப் பேர், செத்தவனை வைத்தா சொக்கட்டான் ஆடுவது என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பேச்சும் ஒப்பவில்லை.

சண்டையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1817 டிசம்பர் 31 இரவு ஷிரூரிலிருந்து கேப்டன் ஸ்டாண்டன் என்பவன் பம்பாய்க் காலாட்படைச் சிப்பாய்கள் 500 பேர், கொஞ்சம் குதிரைப்படை, இரண்டு பீரங்கி என்று எல்லாம் சேர்த்து 800 சொச்சம் ஆட்களோடு பூனாவுக்கு நடந்தான். அந்த இரண்டு பீரங்கியும் மதராஸ் பீரங்கிப்படையைச் சேர்ந்தவை. விடிந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் பாஜிராவின் பெரும்படை, இருபதாயிரத்துக்கும் மேல். ஸ்டாண்டன் கோரேகான் ஊருக்குள் புகுந்துகொண்டான். பேஷ்வா படையில் ஒரு பகுதிதான் ஊருக்குள் வந்து மோதியது. அராபியக் கூலிப்படை அதில் முக்கியம். இருட்டும்வரை தெருத்தெருவாகச் சண்டை. ராத்திரி முழுக்க நடந்து வந்த சிப்பாய்களுக்குச் சோறு இல்லை. ஆறு கண்ணுக்கு எதிரே, தண்ணீர் இல்லை. இரவில் பேஷ்வா படை விலகிப் போனது. அதற்கப்புறம் ஸ்டாண்டனும் பூனாவுக்குப் போகாமல் காயம்பட்டவர்களோடு ஷிரூருக்கே திரும்பினான். கம்பெனி அங்கே ஒரு தூண் எழுப்பியது. இறந்தவர்கள் என்று 49 பெயர்கள். அதில் 22 பேர் மகர்கள். 'நாக்' என்று முடிகிற பெயர்கள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. 1927 ஜனவரி முதல் தேதி பாபாசாகேப் அந்தத் தூணுக்குப் போனார். அதே வருஷம் மார்ச்சில் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்.

இப்போது மேசைக்கு வருவோம். இந்த விளையாட்டில் ஒரு பொம்மை ஒரு ஆள் இல்லை. 20 ஆளுக்கு ஒரு பொம்மை என்பது பரவலான கணக்கு. தம்பியும் அப்படித்தான் வைத்தான். 500 சிப்பாய்க்கு 25 பொம்மை. எனக்கு உடனே மனசில் ஓடிய கணக்கு வேறு. தூணில் இருக்கிற 22 மகர்களும் சேர்ந்து ஒரே ஒரு பொம்மை. நம்மவர்கள் போய் விரல் வைத்துத் தடவிப் பார்க்கிற அத்தனை பெயரும் ஒரு ஈயத்துண்டு. ஸ்டாண்டனுக்கு மட்டும் தனிப் பொம்மை, குதிரையோடு. அதிகாரிகளுக்கு ஒருவருக்கு ஒன்று என்பது விதி.

இது தம்பியின் குற்றம் இல்லை. விளையாட்டின் பிறவிக் குணம். வில்லியம் சைபார்ன் என்ற ஆங்கில லெப்டினன்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர்லூ போர்க்களத்தை அப்படியே சின்ன அளவில் செய்துதரச் சொல்லி 1830இல் அவனிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். அந்த மண்ணிலேயே மாசக்கணக்கில் தங்கி அளந்தான். எந்த வயலில் என்ன பயிர் நின்றது என்பதுவரை விசாரித்தான். போரில் இருந்தவர்களுக்குக் கடிதம் போட்டு, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டான். 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. இன்றைக்கும் அங்கே ராணுவ மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் கடிதம் யாருக்குப் போனது? உயிரோடிருந்த அதிகாரிகளுக்கு. ஈட்டி பிடித்தவனையும் துப்பாக்கி தூக்கியவனையும் எவனும் கேட்கவில்லை. அப்புறம் தகராறு வந்ததும் யாரால்? பிரஷ்யப் படைக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று வெலிங்டன் பக்கத்தில் முணுமுணுப்பு. ஜெயித்த பெருமையில் பங்கு போய்விடும் அல்லவா. சுண்டுவிரல் பொம்மைதானே என்று பிரபுக்கள் சும்மா இருக்கவில்லை. மேசைமேல் யாருக்கு எவ்வளவு இடம் என்பது அரசியல் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நமக்குத்தான் சந்தேகம்.

இன்னொரு விதி இதைவிட மோசம். சண்டை தொடங்குமுன் ஒவ்வொரு படைக்கும் ஒரு தரம் குறித்துவிடுவார்கள். இது முதல்தரம், இது சாதாரணம், இது ஒழுங்கில்லாத கும்பல் என்று. முதல்தரத்தான் அடி வாங்கினாலும் நிற்பான். கும்பல் இரண்டு குண்டு பட்டால் சிதறும். பகடை உருளுவதற்கு முன்னாலேயே எவன் வீரன், எவன் கோழை என்பது அட்டையில் எழுதி முடிந்தது. படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் எதுவும் வரவில்லை, இன்றைய ஞாபகம்தான் வந்தது. பிறக்கும்போதே நெற்றியில் ஒட்டுகிற தரச்சீட்டை நம்மைவிட யார் நன்றாக அறிவார்கள்?

வெள்ளைக்காரன் இதை நிஜமாகவே செய்தான். கம்பெனிக்காக மகர்கள் செத்தார்கள். மதராஸ் ராணுவத்தில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தளபதி ராபர்ட்ஸ் காலத்தில், 'போர்க்குலம்' என்று ஒரு சித்தாந்தம் வந்தது. சில சாதிகள் பிறவியிலேயே வீரர்கள், மற்றவர்கள் இல்லை. மதராஸ்காரர்களை ஓரங்கட்டினார்கள். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். கோரேகான் தூண் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதில் பெயர் இருந்தவனின் பேரனுக்குப் படையில் வேலை இல்லை. மனுவும் ராபர்ட்ஸும் ஒரே அட்டையைத்தான் எழுதினார்கள்.

தம்பி என்ன செய்தான் என்றால், மகர் பொம்மைகளுக்கு ஆக உயர்ந்த தரம் போட்டான். அராபியருக்கு அதற்குக் கீழே, பேஷ்வாவின் மற்ற படைக்கு அடிமட்டம். "நம்ம ரத்தம்ணே" என்றான். எனக்கு அவன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ரத்தப் பேச்சு நமக்கு வேண்டாம் தோழர்களே. போர்க்குலச் சித்தாந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் அது விடுதலை ஆகிவிடாது. நம்மைச் சுற்றி ஆண்ட பரம்பரைகளுக்குப் பஞ்சமா? சுவர் முழுக்க வாளும் மீசையும்தான். அந்த வரிசையில் நமக்கும் ஒரு போஸ்டர் என்று போய் நிற்பதற்கா படிப்பகம் கட்டினோம்? பட்டினியும் தாகமுமாக ஒருவன் பகல் முழுக்கச் சந்துமுனையில் நின்றான் என்றால் அதற்கு ரத்தத்தில் வீரம் வேண்டியதில்லை. ஓடிப்போனால் சேர்த்துக்கொள்ள ஊர் இல்லை, அவனுக்குக் கையிலிருந்த துப்பாக்கியும் பக்கத்தில் நின்றவனும்தான் இருந்தார்கள் என்பதே போதும். அந்த மனிதனை 'முதல்தரம்' என்று எழுதினால் அவன் பட்ட பாட்டை அழித்துவிடுகிறோம்.

கம்பெனிக்காரனின் சண்டையை நம் சண்டை என்பது சரியா என்ற கேள்வியும் படிப்பகத்தில் வந்தது. சரியான கேள்வி. பேஷ்வாவின் சாதிக் கொடுமையை எதிர்த்து மகர்கள் நடத்திய போர் என்று அதைச் சொல்வது ஒரு புனைவு என்று ஆனந்த் டெல்டும்டே 2018 ஜனவரியில் எழுதினார். நம்மில் பலருக்குக் கோபம். அந்த ஜனவரி முதல் தேதிதான் இருநூறாம் ஆண்டுக்குப் போன ஜனங்கள்மேல் கல் விழுந்தது. அதற்குப் பிறகு போட்ட வழக்கில், 2020இல், ஏப்ரல் 14 அன்று, அதே டெல்டும்டேயைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஜாமீன் கிடைக்க 2022 நவம்பர் ஆனது. அந்த வெற்றியைப் புனைவு என்றவருக்கும் அந்த வெற்றியின் பெயரால் சிறை. அதே வழக்கில் நம் திருச்சிப் பக்கத்துக்காரர் ஸ்டேன் சுவாமி, 84 வயது, கை நடுக்க நோய், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த கோப்பை ஒன்று கேட்டு மனுப்போட்டுக் காத்திருந்தார். 2021 ஜூலை 5இல் காவலிலேயே இறந்தார். ஆகவே 1818 முடிந்துபோன போர், விளையாடினால் என்ன என்று யாரும் லேசாகச் சொல்ல முடியாது. அது முடிந்த போர் இல்லை. டெல்டும்டே சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் ஜனங்கள் அங்கே போவது வரலாற்றுத் தேர்வு எழுதுவதற்கல்ல. கல்லில் தன் ஜனத்தின் பெயர் பொறித்திருக்கிற இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? அதைப் பார்க்கப் போகிறார்கள்.

இங்கேயே பாருங்கள். நம்ம சீமையிலும் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போர். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது, அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது, மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். அந்த வருஷம் ஜூனில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை பெரிய ஆவணம், வெள்ளையனுக்கு எதிராக எல்லாரையும் கூப்பிடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான். அதோடு நின்றுவிடுகிறது. ஐந்தாவது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் அவன் செத்திருக்க மாட்டான் என்று யாராவது சொல்வார்களா? கட்டபொம்மன் பக்கம் நின்ற சுந்தரலிங்கத்தை ஜனங்களின் வாய்தான் காப்பாற்றி வைத்திருந்தது. 1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் அந்தப் பெயரைப் பார்த்து ஏறமாட்டேன் என்றார்கள், கலவரம், சாவு. கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்தது. ஒரு பெயரை ஏற்க முடியாமல் அத்தனை பெயரையும் அழித்த நாடு இது. பஸ் பொம்மையைவிடப் பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய சம்பவத்தைத் திரும்ப நடத்திப் பார்ப்பது நமக்குப் புதுசும் இல்லை. சித்திரையில் எங்கள் மலையிலிருந்து இறங்குகிற அழகர் கள்ளர் வேடத்தில்தான் மதுரைக்குப் போகிறார். கையில் வளைதடி. (1801இல் கம்பெனிக்காரனைத் திகைக்க வைத்த அதே வளரிதான். கர்னல் வெல்ஷ் தனக்கு அதை எறியச் சொல்லித் தந்தவனே சின்ன மருதுதான் என்று 1830இல் எழுதிவைத்தான்.) தொ. பரமசிவன் 1989இல் வெளிவந்த 'அழகர்கோயில்' ஆய்வில் இந்த வேடத்தைக் கோயிலுக்கும் கள்ளர் சமூகத்துக்கும் இருந்த உறவை வைத்து விளக்குகிறார்; பள்ளர் பறையர் உறவையும் தனியே பேசுகிறார். எனக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எந்தச் சனத்தின் வேடத்தைச் சாமி போடுகிறதோ அந்தச் சனத்துக்கு வருஷா வருஷம் மரியாதை புதுப்பிக்கப்படுகிறது. கொட்டு இல்லாமல் சாமி நகராது. ஆனால் கொட்டு அடிப்பவன் வேடத்தைச் சாமி போடுவதில்லை. ஆகவே நடித்துக் காட்டுவதும் பொம்மை வைத்துக் காட்டுவதும் வெறும் வேடிக்கை என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் எடுபடாது. யாருக்கு வேடம் உண்டு என்பதில்தான் பரிவட்டமே அடங்கியிருக்கிறது.

இத்தனையும் பேசித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் விட்டோம். பெரியப்பா முறை வேண்டும் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாலிபத்தில் இழவு சொல்லப் போனவர், குழி வெட்டியவர், மாடு செத்தால் தூக்கியவர். அந்த வேலைகளை இனிச் செய்வதில்லை என்று சேரி முடிவெடுத்தபோது முன்னால் நின்று அடி வாங்கியவர். பகடை உருண்டது. அராபியர் பக்கம் ஒரு பொம்மை காலி. தம்பி அதை இரண்டு விரலால் எடுத்துப் பெட்டியில் போட்டான்.

"ஏப்பா, அவனை யாரு தூக்கிட்டுப் போனது?"

"செத்துட்டான் பெரியப்பா. எடுத்தாச்சு."

"செத்தது தெரியுது. தூக்குன ஆளு எங்க? அவனா எந்திரிச்சுப் போயி பொட்டியில படுத்துக்கிட்டானா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் படித்துப் பார்த்த எந்த விதிப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. பொத்தான் நிறத்துக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு இருக்கிறது. விழுந்த உடம்பு உடனே மறைந்துவிடுகிறது. கம்பெனிப் படை ஓரிடத்திலிருந்து ஓரிடம் போனால் சிப்பாய்களைவிடப் பல மடங்கு ஆட்கள் கூடப் போனார்கள். டோலி தூக்கிகள், புல் அறுப்பவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், மாடு ஓட்டிகள், பீரங்கியை இழுக்கிற லஸ்கர்கள். மேசையில் இவர்களுக்கு நகர்வு இல்லை, தரம்கூட இல்லை. 'ஒழுங்கில்லாத கும்பல்' என்ற கடைசித் தரத்துக்கும் வெளியே நிற்கிறார்கள். அதற்குப் பெயர் நமக்குத் தெரியும்.

தம்பி கெட்டிக்காரன். அன்றைக்கே விதியை மாற்றினான். விழுந்த பொம்மை விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். எடுக்க இரண்டு ஆள் வர வேண்டும். அவர்களுக்கு இரண்டு முறை செலவு. தண்ணீருக்கும் ஒரு விதி: ஆற்றுப் பக்கம் போக முடியாத ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி குறையும். தரச்சீட்டைக் கிழித்துப் போட்டான், மனமில்லாமல்தான். தூணில் பெயருள்ள 22 பேருக்கும் ஆளுக்கு ஒரு பொம்மை, அடியில் பெயர் எழுதி. ஆடிப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் ஆட்டம் அப்படியே சிக்கிக்கொண்டது. சந்தெல்லாம் பிணம். தூக்கப் போனவன் சுட முடியவில்லை. சுடப் போனவனுக்கு நடக்க வழியில்லை. பிள்ளைகளுக்குச் சலிப்பு. தம்பிக்கு எரிச்சல். ஆட்டமே ஓட மாட்டேங்குதுண்ணே என்றான். ஓடாதுதான். அது சுகமாக ஓட வேண்டுமானால் செத்தது தானாக மறைய வேண்டும். ஊர் ஓடுவதும் அப்படித்தானே.

அதனால் ஆடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஆடட்டும், இந்த விதிகளோடு, சிக்கிக்கொள்கிற வரைக்கும். செத்தவனை வைத்து விளையாடுவது அவமரியாதை என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சிலைக்கு மாலை போட்டுவிட்டு அவன் எப்படிச் செத்தான் என்று கேட்காமல் வருகிறோமே, அது மட்டும் எந்த வகையில் மரியாதை? மேசையில் ஒருவனை வைக்கும்போதாவது அவன் கால் எந்தச் சந்தில் நின்றது, ஆறு எத்தனை அடி தூரம் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

தீராதது ஒன்று மட்டும் பாக்கி. 22 பொம்மைக்கு அடியில் பெயர் எழுதியாகிவிட்டது. எதிர்ப்பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து 500, 600 என்கிறது கம்பெனிக் கணக்கு. ஒருவன் பெயரும் தூணில் இல்லை. பேஷ்வா படை ராத்திரியே கிளம்பிப் போய்விட்டது, ஸ்டாண்டனும் போய்விட்டான். கோரேகான் சந்துகளில் கிடந்தவர்களுக்கு வெட்டிய கட்டை சுமந்து வந்தது யார், குழி தோண்டியது யார் என்று பெரியப்பா மறுபடி கேட்டார். அந்த ஊரிலும் ஊருக்கு வெளியே ஒரு மகர்வாடா இருந்திருக்கும். செத்த மாட்டை இழுப்பதும் சுடுகாட்டுக்குக் கட்டை சுமப்பதும் மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் மகர்களின் முறைவேலை. அன்று காலையில் அவர்களைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்களா? தம்பியின் பெட்டியில் அவர்களுக்குப் பொம்மை இல்லை. விளாச்சேரியில் சொல்லிச் செய்துகொள்ளலாம், களிமண்ணில், கையில் ஆயுதம் இல்லாமல் என்றான்.